கஞ்சிப்பாசி ஒரு கிண்ணம்

மண்டபம்
14-10-1994

அன்புள்ள அண்ணாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். உப்புக்காற்று என் தலைமுடியைத்தான் பாழாக்குகிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. நீங்களும் ரம்லா மதினியும் எப்படி இருக்கிறீர்கள்? கடைசியாக எப்போது சர்க்கரை பார்த்தீர்கள் என்று போன கடிதத்தில் கேட்டிருந்தேன். அதற்குப் பதிலாக ஒப்பணக்காரத் தெருவில் மழைத் தண்ணீர் தேங்கியதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தீர்கள். மழை பெய்தது எனக்குத் தெரியும். உங்கள் ரத்தத்தில் என்ன பெய்கிறது என்றுதான் தெரியவில்லை.

ஒரு நல்ல செய்தி சொல்லவே இன்று பேனாவை எடுத்தேன். இங்கே கரையில் கட்டக்கோரை என்று ஒரு பழுப்புப் பாசி ஒதுங்கும். வலையில் சிக்கினால் மீன்காரர்கள் திட்டிக்கொண்டே உதறிப் போடுவார்கள். அதை உலர்த்திப் பொடித்து, ஸ்பிரிட்டில் ஊறவைத்து, சாரத்தை மட்டும் பிரித்தெடுத்து, சர்க்கரை நோய் வரவழைத்த எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தோம். அண்ணா, எலிகளின் ரத்தத்தில் சர்க்கரை இறங்கியது. என்னோடு வேலை பார்க்கும் அம்புஜம் நம்பவில்லை. காரமடைக்காரி, எதையும் இரண்டு தடவை நிறுத்துப் பார்க்கிறவள். மறுபடி பரிசோதித்தாள். மறுபடியும் இறங்கியிருந்தது. எலிக்கூடத்து நாற்றத்தில் நின்றுகொண்டு இருவரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம்.

இத்தனை வருடம் பாசியை அலசிக்கொண்டே இருந்தவளுக்கு இது பெரிய விஷயம். முதலில் உங்களிடம்தான் சொல்லத் தோன்றியது. நான் படிக்க வந்தபோது நீங்கள் தைத்துக் கொடுத்த மெத்தையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பஞ்சு கொஞ்சம் கட்டி தட்டிவிட்டது, வரும்போது கொண்டுவருகிறேன்.

மாத்திரையை விட்டுவிடாதீர்கள். மதினிக்கு என் சலாம்.

அன்புத் தங்கை,
ஷைமா


786
கோட்டைமேடு, கோயமுத்தூர்
30-10-1994

அன்புத் தங்கை ஷைமாவுக்கு அண்ணன் அப்துல் கையூம் சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லாரும் நலம். உன் நலத்துக்கு ஐந்து வேளையும் துஆ செய்கிறோம்.

உன் கடிதத்தைக் கடையில் வைத்து மூன்று பேருக்குப் படித்துக் காட்டினேன். மேட்டுப்பாளையத்திலிருந்து எஸ்டேட்டுக்கு ரஜாய்ப் போர்வை வாங்க வந்த ஒருவர், "உங்க தங்கச்சிங்களா? டாக்டருங்களா?" என்று கேட்டார். டாக்டருக்கும் மேல் என்று சொல்லிவிட்டேன். தப்பென்றால் மன்னித்துக்கொள்.

சர்க்கரை பார்த்தேன். மத்தியானம் சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்து, எழுந்து போய்த் தம்பிதுரை லேபில் ரத்தம் கொடுத்தேன். எப்போதும் அந்த நேரத்தில்தான் கடையில் ஆள் இருக்காது. முந்நூறைத் தொட்டிருக்கிறது என்றார். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனால் அது வயிற்றைப் புரட்டுகிறது. காலில் மட்டும் ஒரு விசித்திரம். நாள் முழுக்க இலவம்பஞ்சில் நடக்கிறவன் அல்லவா, இப்போதெல்லாம் தார்ரோட்டில் நடந்தாலும் பஞ்சில் நடக்கிற மாதிரியே இருக்கிறது. தொழில் கூடவே வருகிறது என்று உன் மதினியிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

கண்ணு, அந்தச் சாரத்தில் எனக்குக் கொஞ்சம் அனுப்பேன். எலிக்கு ஆவது அண்ணனுக்கு ஆகாதா? ஒரே ஒரு சந்தேகம். ஸ்பிரிட் என்றால் சாராயம்தானே? அது நமக்கு ஆகுமா என்பதை மட்டும் விளக்கி எழுது.

வஸ்ஸலாம்.
அப்துல் கையூம்


மண்டபம்
12-11-1994

அன்புள்ள அண்ணாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இரண்டு நாள் ஜலதோஷம் இருந்தது, இப்போது தேவலை. மதினிக்கு முழங்கால் வலி குறைந்ததா?

ஸ்பிரிட் எல்லாம் ஆவியாகப் போய்விடும், அது பிரச்சினையே இல்லை. பிரச்சினை நீங்கள்தான். தார்ரோட்டில் பஞ்சு மாதிரி இருந்தால் அது தொழில் இல்லை, அண்ணா. சர்க்கரை காலின் நரம்பைத் தின்கிறது என்று அர்த்தம். ஊசி குத்தினால்கூட உங்களுக்குத் தெரியாது. மெத்தை ஊசிகளுக்கு நடுவே வெறுங்காலோடு உட்காருகிறவர் நீங்கள். கடைக்குள்ளும் செருப்புப் போடுங்கள். பஞ்சு அழுக்காகும் என்று காரணம் சொல்ல வேண்டாம்.

சாரம் அனுப்ப மாட்டேன். எலிக்குச் சரிப்பட்டது மனிதனுக்குச் சரிப்படும் என்று சொல்ல இன்னும் எத்தனையோ படி ஏற வேண்டும். என் சொந்த அண்ணனை எலியாக்க எனக்கு மனசில்லை. வயிற்றைப் புரட்டினால் டாக்டரிடம் சொல்லி மாத்திரையை மாற்றிக்கொள்ளுங்கள்.

கோபித்துக்கொள்ள வேண்டாம். கோபித்தாலும் மாத்திரை சாப்பிட்டுவிட்டுக் கோபியுங்கள்.

அன்புத் தங்கை,
ஷைமா


786
கோட்டைமேடு
18-12-1994

அன்புத் தங்கை ஷைமாவுக்கு அண்ணன் சலாம். நாங்கள் சுகம், உன் சுகத்தை அறிய ஆசை. ஜலதோஷத்துக்கு மிளகும் பனங்கற்கண்டும் போட்டுக் குடி.

பேப்பரில் உன்னைப் பற்றி வந்ததை நீ எங்களுக்குச் சொல்லவே இல்லையே. தம்பிதுரைதான் கொண்டுவந்து காட்டினார். "சர்க்கரை நோய்க்குக் கடல்பாசி: கோவைப் பெண்ணின் சாதனை" என்று போட்டிருக்கிறது. அதை வெட்டி, கண்ணாடி போட்டு, தலையணை அடுக்குக்கு மேலே மாட்டிவிட்டேன். தெருவில் எல்லாரும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பேப்பர்காரனுக்குத் தெரிந்தது அண்ணனுக்குத் தெரியக்கூடாதா?

இன்னொரு தடவை கேட்கிறேன், கொஞ்சம் அனுப்பு. வெளியே மூச்சு விட மாட்டேன். அத்தாவிடம் நீ சைக்கிள் கேட்டது நினைவிருக்கிறதா? பொம்பளைப் பிள்ளைக்கு எதற்குச் சைக்கிள் என்று சொந்தக்காரர்கள் முன்னால் ஒரு சத்தம் போட்டார். மறுநாள் காலையில் கடை வாசலில் சைக்கிள் நின்றது. நீ மேற்படிப்புக்கு வெளியூர் போகிறேன் என்றபோது, பெரியத்தா வீட்டார் உட்கார்ந்திருந்த கூடத்தில் நானும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அன்று மத்தியானமே உன் மெத்தைக்குத் துணி கிழித்தேன். நம் வீட்டில் வாய் ஒன்று சொல்லும், கை ஒன்று செய்யும். உனக்குத் தெரியாததா?

உன் மதினி இந்த வருட நோன்புக்குக் கடல்பாசி இனிப்பு காய்ச்ச நல்ல பாசி கிடைக்குமா என்று கேட்கச் சொன்னாள்.

துஆவுடன்,
அப்துல் கையூம்


மண்டபம்
9-1-1995

அன்புள்ள அண்ணாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் இருவரின் உடம்பும் நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. இங்கே பனியும் காற்றும் அதிகம், நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

அந்தப் பேப்பர் துண்டைத் தயவுசெய்து இறக்கி வைத்துவிடுங்கள். வந்திருந்த நிருபரிடம் எலி, எலி என்று வாய் வலிக்கச் சொன்னேன். எழுதும்போது எலியை விட்டுவிட்டு என்னை மட்டும் போட்டுவிட்டார். இன்னொன்றையும் கேளுங்கள். அளவைக் கூட்டிக் கொடுத்த கூண்டில் எலிகளுக்குத் தைராய்டு வீங்கியிருக்கிறது. இந்தப் பாசியில் அயோடின் ஏராளம். ஒரு கூண்டில் நல்லது செய்தது அடுத்த கூண்டில் கெடுதல் செய்கிறது. எங்கே கோடு கிழிப்பது என்று எனக்கே இன்னும் தெரியாது. அதனால் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இது பற்றி இனி கேட்காதீர்கள்.

மதினி கேட்ட பாசியைத் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். இது கஞ்சிப்பாசி. நானே அலசி, வெயிலில் வெளுக்க வைத்தேன். கடையில் விற்கும் வெள்ளை நூல் மாதிரி இருக்காது. நன்றாகக் கொதிக்கவிட்டு வடிகட்டினால் போதும், தானே உறையும். மதினிக்கும் பக்கத்து வீடுகளுக்கும் எவ்வளவு இனிப்பு வேண்டுமோ போட்டுக்கொள்ளட்டும். உங்களுக்கு மட்டும் சீனி போடாமல், நோன்பு திறக்கும்போது ஒரு சின்னக் கிண்ணம். அதற்கு மேல் வேண்டாம்.

நோன்பு வைக்கலாமா, மாத்திரையை எந்த நேரத்துக்கு மாற்றுவது என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு வையுங்கள்.

அன்புத் தங்கை,
ஷைமா


786
கோட்டைமேடு
28-1-1995

அன்புத் தங்கை ஷைமாவுக்கு அண்ணன் சலாம். எல்லாரும் சுகம்.

பார்சல் வந்து சேர்ந்தது. பிரித்துப் பார்த்தேன். கடிதத்தையும் படித்தேன். இரண்டையும் சேர்த்து வைத்துப் புரிந்துகொண்டேன். நீ சொன்ன அளவை ஒரு வாய்கூடத் தாண்ட மாட்டேன். இனி இதைப் பற்றிக் கடிதத்தில் எழுத வேண்டாம், உன் வேலைக்கு ஒரு பேச்சும் வரக்கூடாது.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். எங்கள் கண்ணு நீ.

அப்துல் கையூம்


786
கோட்டைமேடு
17-2-1995

அன்புத் தங்கைக்கு நோன்புக் காலத்துச் சலாம். உன் நோன்பு சிரமமில்லாமல் போகிறதா? விடியுமுன் சஹருக்கு வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே.

ஒரு சந்தோஷம் சொல்கிறேன். நேற்றுச் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வரும் வழியில் தம்பிதுரை லேபுக்குள் நுழைந்து ரத்தம் கொடுத்தேன். நூற்றிருபது. தம்பிதுரை மிஷினைத் தட்டிப் பார்த்தார், நாளைக்கு மறுபடி வாருங்கள் என்றார். இன்றும் அதே நேரத்துக்குப் போனேன். இன்னும் கொஞ்சம் குறைவு. முந்நூறில் இருந்தவன் நான். காரணம் உனக்கே தெரியும், அதை நான் எழுதப் போவதில்லை. இரண்டு ரக்அத் நன்றித் தொழுகை தொழுதேன். உனக்காகத்தான் தொழுதேன்.

அப்துல் கையூம்

ஷைமா கண்ணுக்கு மதினி ரம்லா எழுதுவது. நீ அனுப்பிய பாசி அருமையாக உறைகிறது. தெருவில் எல்லார் வீட்டுக்கும் கொடுத்தோம். உன் அண்ணனுக்குத் தனியாகச் சப்பென்று ஒரு கிண்ணம். அதைக் கையில் வாங்கி, பிஸ்மி சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு விழுங்குகிற அழகை நீ பார்க்க வேண்டும். மீந்ததை நான் வாயில் வைக்கப் போனால் "அத உடு, அது எனக்கு" என்று பிடுங்குகிறார். உடம்பைப் பார்த்துக்கொள்.


மண்டபம்
25-2-1995

அன்புள்ள அண்ணாவுக்கும் மதினிக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அம்புஜத்தைக் கட்டிக்கொண்டேன். அவள் கையில் இருந்த எலி பயந்துபோய்விட்டது.

நூற்றிருபதா! காரணம் எனக்குத் தெரியாமல் இருக்குமா? நான் திட்டிய திட்டுத்தான். கடைசியில் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்துவிட்டீர்கள், இனிப்பையும் விட்டுவிட்டீர்கள். சீனி போடாத கடல்பாசியைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குகிறவரை நினைத்து நினைத்துச் சிரித்தேன். பெருநாளுக்கு மதினியின் வட்டிலப்பத்தில் ஒரே ஒரு துண்டு சாப்பிட்டுக்கொள்ளுங்கள். அதற்கு நான் அனுமதி தருகிறேன்.

ஏப்ரல் பாதிக்குள் என் அறிக்கையை முடித்துக் கொடுக்க வேண்டும். அதனால் பெருநாளுக்கு வர முடியவில்லை. உங்கள் பெருநாள் கடிதத்துக்குக் காத்திருப்பேன்.

அன்புத் தங்கை,
ஷைமா


மண்டபம்
21-3-1995

அன்புள்ள அண்ணாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் சுகமா என்று இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

பெருநாள் கடிதம் வரவில்லை. நான் வீட்டை விட்டு வந்த பிறகு அது வராமல் போனது இதுவே முதல் தடவை. நேற்று எஸ்.டி.டி. பூத்திலிருந்து உங்கள் பக்கத்துக் கடைக்குப் போன் செய்தேன். நீங்கள் வந்து எடுக்க வெகுநேரம் ஆனது. "நல்லா இருக்கேன் கண்ணு, கடைல கூட்டமா இருக்குது, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டீர்கள். பெருநாள் முடிந்து இத்தனை நாள் கழித்து, வெயில் காலத்தில், மெத்தைக் கடையில் என்ன கூட்டம் அண்ணா?

இன்று காலையில் எலிகளுக்கு ரத்தம் எடுக்கிற வேலை. எடுப்பதற்கு முன்னால் கூண்டிலிருந்து தீனியை எடுத்துவிட வேண்டும். புதிதாக வந்த பெண் ஒருத்தி ஒரு கூண்டில் தீனியை எடுக்க மறந்துவிட்டாள். அம்புஜம் அவளிடம், "தின்ன எலிக்கு ஏறித்தானுங்க இருக்கும், பட்டினி கெடந்ததுக்கு எறங்கித்தானுங்க இருக்கும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு எப்படிங்க பாக்கறது?" என்றாள். நான் கையில் இருந்த குழாயைக் கீழே வைத்துவிட்டேன்.

அண்ணா, முன்பெல்லாம் மத்தியானம் சோறு சாப்பிட்டுவிட்டுத்தானே ரத்தம் கொடுப்பீர்கள்? நோன்பில் அஸர் தொழுதுவிட்டுக் கொடுத்தேன் என்று எழுதினீர்கள். விடியலிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாத உடம்பு அது. அந்த நேரத்தில் யாருக்கும் இறங்கித்தான் இருக்கும். நானும் அதே மாதம் நோன்பு வைத்தவள். நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு இது ஏன் உறைக்கவில்லை? நம்ப ஆசையாக இருந்தது, நம்பிவிட்டேன்.

இரண்டு கேள்விதான். மாத்திரை சாப்பிடுகிறீர்களா? நோன்பு முடிந்த பிறகு, சாப்பிட்டுவிட்டு ரத்தம் பார்த்தீர்களா? அண்ணா எழுதாவிட்டால் மதினி எழுதுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஷைமா


கோட்டைமேடு
30-3-1995

அன்புள்ள ஷைமா கண்ணுக்கு மதினி ரம்லா சலாம் சொல்லி எழுதுவது. சுகம் என்று எழுதக் கை வரவில்லை. அல்லாஹ் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறான்.

உனக்கு எழுதக்கூடாது என்று உன் அண்ணன் என்னிடம் சத்தியம் வாங்காத குறை. உன் கடிதத்தைப் படித்த பிறகு என்னால் முடியவில்லை.

பெருநாள் முடிந்து, காரமடைத் தேருக்குக் கடை போட என்று ராப்பகலாகத் தலையணை தைத்தார். ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்குள் நடந்து வருகிறார், தரையில் டக் டக் என்று ஏதோ தட்டுகிற சத்தம். செருப்பில் கல் மாட்டியிருக்கிறது என்று நினைத்தேன். பார்த்தால் காலில் செருப்பே இல்லை. விரல்களுக்குக் கீழே மெத்தை ஊசி பாதி உள்ளே போய் உடைந்து நிற்கிறது. கடையிலிருந்து அப்படியே நடந்து வந்திருக்கிறார். "ஏனுங்க, வலிக்கலீங்களா?" என்றேன். "எதுக்குப் புள்ள வலிக்கோணும்?" என்று என்னையே கேட்டார்.

ஊசியை எடுத்து மஞ்சள் வைத்துக் கட்டினோம். புண் ஆறவில்லை. நீ போன் செய்த அன்று காலில் துணி சுற்றிக்கொண்டுதான் வந்து பேசினார். அதற்குப் பிறகு பாதம் கறுத்தது, காய்ச்சல் வந்தது. பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். சர்க்கரை நானூறைத் தாண்டி இருந்ததாம். இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். பாதம் தங்குமா என்று ஒரு வாரம் பார்த்துத்தான் சொல்வார்களாம்.

நீ கேட்டதற்குப் பதில். நோன்பு முதல் நாளிலிருந்து மாத்திரை சாப்பிடவில்லை. நேற்றுத்தான் அலமாரியில் பிரிக்காத அட்டைகளைப் பார்த்துவிட்டுச் சண்டை போட்டேன். அப்போதுதான் வாயைத் திறந்தார். "ஷைமா மருந்து அனுப்பியிருக்குது. ஆபீசுக்குப் பயந்துட்டு பேர மாத்தி எழுதியிருக்குது. உனக்கெதுக்கு, பேசாம இரு" என்றார். கண்ணு, நீ அனுப்பியது என்ன? நான் தெருவுக்கெல்லாம் சீனி போட்டுக் கொடுத்தேனே, அது மருந்தா?

அவர் எழுதிய துண்டையும் இதோடு வைத்திருக்கிறேன். உன்னிடம் கோபமில்லை. சீக்கிரம் பதில் எழுது.

ரம்லா


(உள்ளே வைத்திருந்த துண்டு)

786
ஆஸ்பத்திரி

அன்புத் தங்கை ஷைமாவுக்கு அண்ணன் சலாம். படுத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும். உன் மதினி பயந்த சுபாவம், பெரிதாக்கி எழுதியிருப்பாள். நான் நன்றாக இருக்கிறேன். இரண்டு விரல் போனால் என்ன, தைக்கிறது கைதானே.

உன் மருந்தில் ஒரு குறையும் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஸ்பிரிட் பிடிக்காது என்பதை நினைவில் வைத்து, அது படாத பாசியாக அனுப்பினாய். வேண்டாம் என்று எழுதினாய், அளவையும் எழுதினாய். நான் புரிந்துகொண்டேன். நோன்பு முடிந்ததும் பாசி தீர்ந்துபோனது. மறுபடி கேட்டு உன்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று விட்டுவிட்டேன். அதனால்தான் சர்க்கரை ஏறிவிட்டது. தப்பு என்னுடையது.

என்னென்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் துருவித் துருவிக் கேட்டார். மாத்திரையைத் தவிர ஒன்றும் இல்லை, ஒரு வேளைகூட விட்டதில்லை என்று சொல்லிவிட்டேன். பேப்பரில் பெயர் வந்த பெண் நீ. உன் ஆராய்ச்சிக்கு என் காலால் கெட்ட பெயர் வரக்கூடாது.

உனக்கு அறிக்கை முடிக்க வேண்டிய நேரம். நீ வரவேண்டாம். இங்கே உன் மதினி இருக்கிறாள், எனக்கு ஒன்றும் குறைவில்லை. கண்டிப்பாக வரவேண்டாம்.

அப்துல் கையூம்


மண்டபம்
3-4-1995

அன்புள்ள அண்ணாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். மதினி, இதை நீங்கள் சத்தமாக அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

நான் அனுப்பியது மருந்து இல்லை. கஞ்சிப்பாசி என்று எழுதியது கஞ்சிப்பாசியேதான். கட்டக்கோரை வேறு, இது வேறு. இது வருடா வருடம் நோன்புக்கு நாம் காய்ச்சுகிற கடல்பாசிதான், வழவழவென்று தொண்டையில் இறங்குமே, அவ்வளவுதான். சர்க்கரையை இறக்குகிற எதுவும் அதில் இருப்பதாக எனக்குத் தெரியாது. ஒரு கிண்ணம் என்றது மருந்தின் அளவு இல்லை. இனிப்பைக் கண்டால் நீங்கள் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிடுவீர்கள் என்று பயந்து எழுதியது. தெருவில் சாப்பிட்டவர்களுக்கு ஒன்றும் ஆகாது, மதினி பயப்பட வேண்டாம். உங்கள் சர்க்கரையை இறக்கியது பட்டினி. ஏற்றியது மாத்திரை இல்லாத இரண்டு மாதம்.

நீங்கள் விழுங்கியது பாசியை இல்லை, என் வாய் வேண்டாம் என்றாலும் என் கை கொடுக்கும் என்ற நம்பிக்கையை. இதை எழுதும்போது எனக்கு அழுகை வருகிறது. ஊசி குத்தினால் தெரியாது என்று எழுதினேனே, அதற்குப் பதிலாக ஒரே ஒரு பஸ் பிடித்து வந்து உங்கள் கண்ணெதிரில் சொல்லியிருக்க வேண்டும்.

இந்தக் கடிதம் கிடைத்த நிமிடமே டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். மாத்திரை எந்த நாளிலிருந்து சாப்பிடவில்லை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரை சாப்பிட்டும் ஏறியது என்று நினைத்தால் அவர் போடுகிற கணக்கே தப்பாகப் போய்விடும். என் பெயருக்கு ஒன்றும் ஆகாது. ஆனாலும் பரவாயில்லை. என் பெயரை வைத்து நான் என்ன செய்யப் போகிறேன்? உங்கள் கால் எனக்கு வேண்டும்.

அறிக்கையை அம்புஜம் பார்த்துக்கொள்கிறாள். மனிதர்கள் யாரும் கட்டக்கோரைச் சாரத்தைச் சாப்பிட்டுப் பார்க்கக்கூடாது என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். முதல் பக்கத்திலேயே, தடித்த எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன். கடையில் மாட்டிய பேப்பர் துண்டை எடுத்துவிட்டு அந்தப் பக்கத்தை மாட்டலாம்.

இனி நம் வீட்டில் வாயும் கையும் ஒன்றையே சொல்லட்டும், அண்ணா. வேண்டாம் என்றால் வேண்டாம். இதற்கு ஒரே ஒரு விலக்கு. வரவேண்டாம் என்று நீங்கள் இரண்டு தடவை எழுதியிருக்கிறீர்கள். புரிந்துகொண்டேன்.

இதைத் தபாலில் போட்டுவிட்டு நேராக ஸ்டேஷனுக்குப் போகிறேன். இன்றைய கோயமுத்தூர் வண்டியில் வருகிறேன். இந்தக் கடிதம் முந்துகிறதா, நான் முந்துகிறேனா தெரியாது. நான் முந்தினால் நானே படித்துக் காட்டுகிறேன். மெத்தையையும் சுருட்டிக் கட்டிவிட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் போட்டுப் படுத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் தங்கை,
ஷைமா